அடும்புக்குச் செம்மண் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கடலை ஒட்டிய வீடுகளில் தோட்டம் போடுவது எப்படி என்று தங்கள் நாளிதழின் தோட்டப் பகுதியில் வந்த கட்டுரையைப் படித்தோம். மணலை ஓரடி ஆழத்துக்கு அள்ளிவிட்டுச் செம்மண்ணும் தொழுவுரமும் கொட்டி, புல்தரை விரித்து, ஓரத்தில் செம்பருத்தியும் குரோட்டன்சும் வைக்கச் சொல்கிறது அது. கிழக்குக் கடற்கரைச் சாலை நெடுகப் பல வீடுகளில் நடப்பதும் இதுதான். இந்த முறையில் பணம் போவது ஒரு பக்கம் இருக்க, தண்ணீரும் போகிறது, மணல்மேடும் போகிறது. அந்த இடத்துக்கே உரிய ஒரு பூ, செலவே இல்லாமல் அங்கே வளரக் காத்திருக்கும்போது இது தேவையே இல்லை. கடற்கரை மணலில் படரும் அடும்புக் கொடியைத்தான் சொல்கிறோம். அடம்பு, ஆட்டுக்கால் அடம்பு, குதிரைக்குளம்பு என்றும் ஊருக்கு ஊர் சொல்வார்கள்.

முதலில் தண்ணீர்க் கணக்கு. கடற்கரை மணலுக்கு அடியில் கிடைக்கும் நல்ல தண்ணீர் மழையில் இறங்கியது. அது கடல் நீரைவிடக் கனம் குறைந்தது என்பதால் உப்பு நீரின்மேல் மிதந்து நிற்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், கீழே ஏறக்குறைய 40 அடி வரை நன்னீர் இருக்கும். மேலே அந்த ஓரடி குறைந்தால், கீழிருந்து உப்பு நீர் அதே கணக்கில் மேலேறும். புல்தரைக்காகக் கோடை முழுக்க மோட்டார் ஓடினால் உப்பாவது அந்த வீட்டுக் கிணறு மட்டுமல்ல, பக்கத்துக் குப்பத்துக் குடிதண்ணீரும்தான். எனவே கடலோரத் தோட்டத்தில் எந்தச் செடியை வைப்பது என்பது அழகு பற்றிய கேள்வி மட்டும் இல்லை.

அடும்பை எல்லோரும் பார்த்திருப்பார்கள், பெயர் தெரியாவிட்டாலும். நுனி இரண்டாகப் பிளந்த, தடித்த, மினுமினுப்பான இலை. கிள்ளினால் பால் வடியும். விடியலில் விரியும் இளஞ்சிவப்பும் ஊதாவும் கலந்த புனல் வடிவப் பூ, வெயில் ஏறிய பிறகு பிற்பகலுக்குள் சுருங்கிவிடும். ஒரு பூவுக்கு ஒரு நாள்தான் ஆயுள், ஆனால் கொடியில் நாளும் புதுப்பூ இருக்கும். சங்கப் புலவர்கள் நெய்தல் நிலத்தைப் பாடிய பல பாடல்களில் இந்தக் கொடி வருகிறது. மகளிர் இந்தப் பூவைத் தொடுத்துச் சூடினார்கள் என்றும், தேர்ச்சக்கரம் இந்தக் கொடியை அறுத்துக்கொண்டு போனது என்றும் பாடியிருக்கிறார்கள். நம் கடற்கரைக்கு இதைவிட உரிய பூ வேறு எது?

இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாத செடி ஒன்று உண்டு. ஏரிக்கரையிலும் வாய்க்காலிலும் ஆளுயரத்துக்குப் புதராக நிற்கும் நெய்வேலிக் காட்டாமணக்கும் இதே குடும்பம், பூவும் ஏறத்தாழ இதே வடிவம். ஆனால் அதன் இலை நீண்ட இதய வடிவம், நுனி கூர்மையானது, பிளவு கிடையாது. அது வெளிநாட்டிலிருந்து வந்து நீர்நிலைகளை அடைத்த களை. அதன் குச்சியை ஒடித்து நட்டால் உடனே பிடித்துக்கொள்ளும். அந்த எளிமையை நம்பி ஒருபோதும் தோட்டத்துக்குள் கொண்டுவர வேண்டாம்.

அடும்பு உப்பைத் தாங்குவது எப்படி என்று தெரிந்தால் வளர்ப்பில் வரும் பாதித் தவறுகள் வராது. இலையின் தடித்த மேல்தோல் காற்றில் வரும் உப்புத் துளியை உள்ளே விடுவதில்லை. சதைப்பற்றான இலை தண்ணீரைச் சேமித்துக்கொள்கிறது. ஆணிவேர் ஒரு மீட்டருக்கும் கீழே இறங்கி, மழைநீர் தங்கும் ஈர மணலைத் தேடிப் பிடிக்கிறது. கணுவுக்குக் கணு வேர் விடுவதால், ஓரிடத்தில் மணல் மூடினாலும் அடுத்த கணுவிலிருந்து புதுத்தளிர் வருகிறது. மணல் மூடுவது இதற்குத் துன்பமே இல்லை. மூட மூட மேலே ஏறி, மணலையும் தன்னோடு கட்டிப்போட்டு மேடாக்குகிறது. எப்போதாவது அலை வந்து நனைத்துவிட்டுப் போனாலும் பிழைத்துக்கொள்ளும். ஆனால் கவனியுங்கள்: இது உப்பைப் பொறுத்துக்கொள்ளும் செடி, உப்பைக் கேட்கும் செடி அல்ல. முளைப்பதற்கும் முதல் வேர் இறங்குவதற்கும் நல்ல தண்ணீர் வேண்டும். இயற்கையிலும் விதை முளைப்பது மழைக்குப் பிறகுதான்.

இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். "உப்பு தாங்கும் செடிதானே" என்று முதல் நாளிலிருந்தே உவர்ப்பான ஆழ்குழாய்த் தண்ணீரை ஊற்றுகிறார்கள். விதை முளைக்காது. நட்ட துண்டு வேர் விடுவதற்குள் வாடிவிடும். உடனே "அடும்பு வீட்டில் வளராது" என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். மழைநீர்த் தொட்டித் தண்ணீரோ, லாரித் தண்ணீரோ, எதுவானாலும் முதல் 6 வாரத்துக்கு நல்ல தண்ணீர் கொடுங்கள். மண் பரிசோதனை நிலையத்தில் தண்ணீரையும் பார்த்துச் சொல்வார்கள். தண்ணீரில் உள்ள உப்பின் அளவைக் காட்டும் மின்கடத்தும் திறன் மீட்டருக்கு 2 டெசிசீமன்சுக்குக் கீழே இருந்தால் நாற்றுக்குப் போதும். கடல் நீர் ஏறக்குறைய 50 என்பதை வைத்து ஒப்பிட்டுக்கொள்ளலாம். வேர் பிடித்த பிறகு உங்கள் ஆழ்குழாயின் உவர் நீரே தாராளம். அதற்குப் பின் மழையே போதும் என்பதால் அதுவும் பெரும்பாலும் தேவைப்படாது.

விதையிலிருந்து வளர்ப்பதா, கொடித்துண்டிலிருந்தா? கொடித்துண்டு சீக்கிரம் பிடிக்கும். விதையில் வரும் செடிக்கு ஆணிவேர் ஆழமாக இறங்கும், காற்றுக்கும் கோடைக்கும் நன்றாக நிற்கும். கடலைப் பார்த்த முன்வரிசைக்கு விதைச்செடி, வீட்டை ஒட்டிய பகுதிக்குத் துண்டு என்று பிரித்துக்கொள்வது எங்கள் பரிந்துரை.

விதையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனெனில் தோல்வி அதிகம் இங்கேதான். உருண்டைக் காய் பழுப்பாகிக் காய்ந்ததும் பறிக்க வேண்டும். விட்டுவிட்டால் வெடித்துச் சிதறும். ஒரு காயில் 4 விதை வரை இருக்கும். கரும்பழுப்பு நிறம், மேலே வெல்வெட் போன்ற மென்மயிர், பட்டாணியை ஒத்த அளவு. மற்ற விதைகளைத் தேர்வதுபோல் தண்ணீரில் போட்டு, மிதப்பதை எறிந்துவிடாதீர்கள். நல்ல அடும்பு விதை மிதக்கும். கடலில் மாதக்கணக்கில் மிதந்து அடுத்த கரைக்குப் போய் முளைப்பதற்கென்றே அமைந்த விதை அது. உலகின் வெப்பக் கடற்கரைகள் எல்லாவற்றிலும் இந்தக் கொடி பரவியிருப்பது அப்படித்தான். நகத்தால் அழுத்திப் பாருங்கள். கெட்டியாக இருந்து, ஊசி முனை அளவு ஓட்டைகூட இல்லாமல் இருந்தால் நல்ல விதை. ஓட்டை இருந்தால் உள்ளே வண்டு தின்றுவிட்டது என்று பொருள்.

இந்த விதையின் தோல் தண்ணீரை உள்ளே விடாது. அப்படியே புதைத்தால் மாதக்கணக்கில் கிடக்கும், சில முளைக்கும், பல முளைக்காது. அதனால் தோலைக் கீற வேண்டும். விதையின் ஒரு முனையில் காம்பு ஒட்டியிருந்த தழும்பு தெரியும். முளை வருவது அந்தப் பக்கம் என்பதால் அங்கே கை வைக்கக் கூடாது. அதற்கு எதிர்ப்புறத்தை 80 எண் உப்புத்தாளில் தேயுங்கள், அல்லது நகவெட்டியால் ஒரு சிறு கீறல் போடுங்கள். உள்ளே வெளிர்நிறம் தெரிந்த உடன் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் தேய்த்தால் பருப்பு காயப்பட்டு, நட்டதும் அழுகும். தேய்த்த விதையைச் சாதாரணத் தண்ணீரில் 12 முதல் 24 மணி நேரம் ஊறவையுங்கள். தோல் திறந்த விதை நன்றாக உப்பிவிடும். உப்பாமல் கிடப்பதை எடுத்து இன்னொரு முறை தேய்த்து மறுபடி ஊறப்போடுங்கள். கொதிநீரில் போடும் முறையைச் சிலர் சொல்வார்கள். அதில் சில விதை வெந்துவிடும், சில அசையாமல் கிடக்கும். உப்புத்தாள்தான் நம்பகமானது.

ஊறிய விதையை அன்றே விதைக்க வேண்டும். மூன்று பங்கு சலித்த ஆற்று மணல், ஒரு பங்கு மட்கிய இலைஉரம். இலைஉரம் கிடைக்காமல் தென்னைநார்க் கழிவைப் போடுவதானால், மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துதான் போட வேண்டும். மட்டையை உப்பங்கழியில் ஊறவைத்துத் திரித்திருந்தால் அந்தக் கழிவில் உப்பு நிறைய இருக்கும். கடற்கரை மணலை அள்ளி வரவே கூடாது. ஆழமான நாற்றுப்பையாக எடுத்துக்கொள்ளுங்கள், 20 செ.மீ. உயரம் இருக்கட்டும். குழித்தட்டு வேண்டாம், அதில் ஆணிவேர் சுருண்டுவிடும். பைக்கு ஒரு விதை, 2 செ.மீ. ஆழம். நிழல் தேவையில்லை. ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் முளை தெரியும். விதையிலைகளே நடுவில் ஆழமாகப் பிளந்திருக்கும். அதைப் பூச்சி கடித்தது என்று நினைத்து மருந்தடிக்க வேண்டாம். உண்மையான இலை 4 அல்லது 5 வந்ததும் நடலாம். அதைத் தாண்டிப் பையிலேயே வைத்திருந்தால் வேர் பையைத் துளைத்துத் தரைக்குள் போய்விடும். பிறகு பையைத் தூக்கும்போது அறுபடும், அறுந்த செடி தேறுவது அரிது.

கொடித்துண்டு என்றால் பென்சில் கனமுள்ள, இளசும் இல்லாமல் முற்றியும் போகாத கொடி. ஒவ்வொரு துண்டும் 30 முதல் 40 செ.மீ., குறைந்தது 4 கணு. கணுவுக்குச் சற்றுக் கீழே கூரான கத்தியால் வெட்டுங்கள். பால் வடிவது நிற்கும் வரை ஒரு மணி நேரம் நிழலில் போட்டுவிட்டு, அடிக் கணுக்களின் இலைகளைக் கிள்ளுங்கள். இதைக் குச்சி நடுவதுபோல் நிமிர்த்தி நடுவது பொதுவான தவறு. அப்படி நட்டால் ஒரு கணுதான் ஈரத்தைத் தொடும், அது காய்ந்தால் துண்டே போய்விடும். 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு வாய்க்கால்போல் கீறி, துண்டைப் படுக்கவைத்து, மூன்று கணுவை மூடி, நுனியை மட்டும் வெளியே விடுங்கள். மூன்று கணுவிலும் வேர் வரும். இரண்டு மூன்று வாரம் கழித்து மெல்ல இழுத்துப் பார்த்தால் பிடிமானம் தெரியும். வேர் ஊக்கி மருந்தெல்லாம் இதற்குத் தேவையே இல்லை. எல்லாத் துண்டையும் ஒரே தாய்க்கொடியிலிருந்து எடுக்காமல், நான்கைந்து இடத்துக் கொடிகளைக் கலந்து நடுங்கள். ஒன்றுக்கு நோய் வந்தாலும் மற்றது நிற்கும், விதையும் நன்றாகப் பிடிக்கும்.

துண்டை எங்கே எடுப்பது என்பது முக்கியமான கேள்வி. கடலைப் பார்த்து நிற்கும் முன்மணல்மேட்டில் கொடியை அறுக்காதீர்கள். வேரோடு பிடுங்குவது அதைவிட மோசம். அங்கே ஒரு கொடி போனால் அந்த இடத்தில் காற்று மணலைக் குடையத் தொடங்கும், குடைந்த வாய் பெரிதாகிக்கொண்டே போகும். நடைபாதையிலும் சாலையோரத்திலும் மிதிபட்டுக் கிடக்கும் கொடி, கட்டுமானத்துக்காக வழிக்கப்படும் மனையில் உள்ள கொடி, ஏற்கெனவே வளர்த்திருக்கும் வீட்டில் கத்தரித்த கொடி ஆகியவை போதும். விதையானால் அலை ஒதுக்கிய குப்பை வரிசையில் தேடினாலே கைப்பிடி கிடைக்கும்.

நடும் காலம் புரட்டாசிக் கடைசியும் ஐப்பசியும். வடகிழக்குப் பருவமழை வேர் பிடிக்க வைத்துவிடும், தைக்குள் கொடி ஓடத் தொடங்கியிருக்கும். விதை நாற்று வேண்டுமானால் ஆவணியிலேயே பையில் போட்டுவிட வேண்டும். பங்குனி, சித்திரையில் நடுவது வீண் வேலை. ராமேசுவரம், தூத்துக்குடிப் பக்கம் ஆடிக்காற்று மணலை அள்ளி எறியும் மாதங்களிலும் நட வேண்டாம். மணல் துகள் பட்டே தளிர் தேய்ந்துவிடும்.

இடம் முழு வெயிலாக இருக்க வேண்டும். மதிலின் நிழல் பாதிநாள் விழுந்தாலே இலை பெரிதாகும், பூ குறையும். சவுக்கு மரத்தடியில் நடவே வேண்டாம். 2004 ஆழிப்பேரலைக்குப் பிறகு நம் கடலோர மாவட்டங்களில் சவுக்கு ஏராளமாக நடப்பட்டது. அதன் ஊசியிலை மெத்தைபோல் மூடிய இடத்தில் அடும்பும் வராது, வேறு எந்தக் கடற்கரைப் பூண்டும் வராது. மண் வடிகால் உள்ள மணலாக இருக்க வேண்டும். ஏற்கெனவே செம்மண் கொட்டிய மனை என்றால், நடும் பகுதியில் மட்டும் அதை ஓரடி எடுத்துவிட்டுக் கரடுமுரடான மணல் நிரப்புங்கள். கழிமுகத்தை ஒட்டிய களிமண், தண்ணீர் தேங்கும் உப்பளத்து ஓரம் இவற்றில் அடும்பு அழுகிவிடும். அங்கே உரியது ஓர்ப்பூடு. வங்காரவள்ளை என்றும் சொல்வார்கள். சதைப்பற்றான சிறிய இலை, சின்னஞ்சிறு இளஞ்சிவப்புப் பூ. தேங்கும் உப்பு நீரையும் அது தாங்கும்.

செடிக்குச் செடி ஒன்று முதல் ஒன்றரை மீட்டர் இடைவெளி. 10 சதுர மீட்டருக்கு 6 செடி போதும், நெருக்கி நட்டுப் பணத்தை வீணாக்க வேண்டாம். குழிக்கு ஒரு கைப்பிடி மட்கிய எரு, அவ்வளவுதான். யூரியாவோ கலப்பு உரமோ போட்டால் கொடி கொழுத்து இலையாகவே ஓடும், பூக்காது. தளதளவென்ற அந்த இளங்கொடியைப் பூச்சியும் முதலில் தேடி வரும்.

முதல் இரண்டு வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் செடிக்கு ஒரு லிட்டர். அடுத்த இரண்டு வாரம் வாரத்துக்கு இரண்டு முறை. ஆறாவது வாரம் வரை வாரம் ஒருமுறை. பிறகு நிறுத்திவிடுங்கள். மழை பெய்கிற வாரம் ஊற்றவே வேண்டாம். தொடர்ந்து ஊற்றிக்கொண்டே இருந்தால் வேர் மேல்மட்டத்திலேயே தங்கிவிடும், முதல் கோடையில் தண்ணீர் தவறினால் கொடி முழுக்கச் சுருண்டுவிடும். இந்தச் செடியை அன்பால் கொல்பவர்களே அதிகம்.

கடல்காற்று நேரே அடிக்கும் மனைகளில் நாற்றுக்கு முன்னால் ஒரு தட்டி வேண்டும். பனை ஓலையோ தென்னை மட்டையோ, இரண்டடி உயரத்துக்குப் பாதி காற்று ஊடுருவும்படி இடைவெளி விட்டுக் கட்டுங்கள். அடைத்த தகரமோ சிமெண்டுப் பலகையோ வைக்கக் கூடாது. மோதிய காற்று அடியில் சுழன்று மணலைப் பறித்து, வேரை வெளியே கொண்டுவந்துவிடும். ஊடுருவும் தட்டியில் காற்றின் வேகம் குறைந்து, மணல் தட்டியின் பின்னால் மெல்ல விழும். அடும்பு அதன்மேல் ஏறும். ஓராண்டில் ஓலை மட்கி உதிரும்போது கொடியே அந்த வேலையைப் பார்த்துக்கொள்ளும். தளிர் ஓடும் திசையில் அவ்வப்போது ஒரு கணுமேல் ஒரு பிடி மணல் போட்டுவைத்தால் அங்கே சீக்கிரம் வேர் விடும், வேண்டிய பக்கம் கொடியைத் திருப்பவும் இதுவே வழி.

இனி நோய்நொடி. கீழிலை மஞ்சளாகி, தண்டின் அடி கொழகொழவென்று ஆனால் தண்ணீர் அதிகம். உடனே நிறுத்தி, மணலைக் கிளறிக் காற்றோட்டம் கொடுங்கள். அழுகாத நுனியை வெட்டி வேறிடத்தில் நட்டால் அது பிழைக்கும். தொட்டியில் உள்ள செடிக்கு இலை விளிம்பு கருகினால் தொட்டி மண்ணில் உப்பு சேர்ந்துவிட்டது என்று பொருள். அடித்துளை வழியாக வெளியேறும் வரை நல்ல தண்ணீரை ஊற்றி மாதம் ஒருமுறை அலச வேண்டும். இலையில் வட்ட வட்டமாக ஓட்டை விழுந்தால் ஆமைவண்டு. விடியலில் கையால் பொறுக்கிவிடலாம். வாலில் கொம்புள்ள பருத்த புழு ஒன்றிரண்டு நாளில் நிறைய இலையைத் தின்றுவிடும், பார்ப்பவர் பதறிப்போவார்கள். அது பருந்து அந்துப்பூச்சியின் புழு. மருந்தடிக்க வேண்டாம், கொடி மறுபடி துளிர்க்கும். கோடையில் இலைக்கு அடியில் மாவுப்பூச்சி கண்டால் தண்ணீரை வேகமாகப் பீய்ச்சுங்கள். போகாவிட்டால் லிட்டருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெயும் கொஞ்சம் காதி சோப்புக் கரைசலும் கலந்து மாலையில் தெளித்தால் போதும். பூ விரிந்திருக்கும் காலை வேளையில் எதையும் தெளிக்காதீர்கள், தேனீயும் கருவண்டும் அப்போதுதான் வரும்.

ஒரு கிளை மட்டும் திடீரென வாடினால் அந்தத் தண்டைப் பிளந்து பாருங்கள். உள்ளே வெள்ளைப் புழு இருந்தால் அது சர்க்கரைவள்ளிக் கிழங்கின் கூன்வண்டாக இருக்கலாம். அடும்பும் சர்க்கரைவள்ளியும் ஒரே இனத்துச் செடிகள், அந்த வண்டு இரண்டிலும் வாழும். ஆகவே சர்க்கரைவள்ளி பயிராகும் கொல்லைக்குப் பக்கத்தில் அடும்பை நட வேண்டாம். இதைத் தோட்ட வழிகாட்டிகள் சொல்வதே இல்லை, ஆனால் கிழங்கு போட்டிருக்கும் பக்கத்து விவசாயிக்கு இது வயிற்றுப்பாடு. புழு இருக்கும் தண்டை வெட்டி எரித்துவிடுங்கள்.

கொடி பரவும் வேகத்தையும் மறைக்காமல் சொல்லிவிட வேண்டும். பிடித்த கொடி 10 மீட்டரைத் தாண்டி ஓடும். சின்னச் செடிகளைப் போர்த்தி மூடிவிடும், படியிலும் ஏறும். எல்லை வைத்து இரண்டு மாதத்துக்கு ஒருமுறை ஓரத்தைக் கத்தரியுங்கள். கால்மிதி அதிகம் உள்ள வழியில் நடாதீர்கள், கொடி நசுங்கும், குழந்தைகளுக்குக் கால் தடுக்கும். விதையை வாயில் போடாமல் சிறு பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாடிச் சுவரிலிருந்து தொங்கவிட ஆசைப்படுபவர்கள் 45 செ.மீ. அகலமும் 40 செ.மீ. ஆழமும் உள்ள தொட்டியில் வைக்கலாம். தரையில் பூப்பதுபோல் அவ்வளவு பூக்காது, வெயில் படும் பக்கம் மட்டுமே பூ வரும்.

அடும்போடு சேர்த்து வைக்கத் தக்கவையும் உண்டு. அடும்பின் ஊடே தானாகவே படரும் கடற்கரைக் காட்டவரையும் இளஞ்சிவப்பாகப் பூக்கும். அவரை இனம் என்பதால் காற்றிலிருந்து தழைச்சத்தைப் பிடித்து மணலில் சேர்க்கும். அதன் விதைக்கும் இதே உப்புத்தாள் வேலை தேவை. பின்னால் வேலிக்குச் சங்கங்குப்பி, அதற்கும் பின்னால் புன்னையும் பூவரசும். மண்ணைக் கட்டிப்போடுவதில் இராவணன் மீசை என்ற புல்லுக்கு இணை கிடையாது. ஆனால் அதன் முள்முனை காலைக் கிழிக்கும் என்பதால் வீட்டு நடைவழிக்கு ஆகாது, மதிலுக்கு வெளியே மேட்டில் இருக்கட்டும்.

மதிலுக்கு வெளியே என்றதும் இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வீட்டுக்கு முன்னால் உள்ள திறந்த கடற்கரையில் தோட்டத்தை நீட்டிக்கொண்டு போகாதீர்கள். மணல்மேடுகள் 2011 ஆம் ஆண்டு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையிலும் 2019 அறிவிக்கையிலும் மிகுந்த பாதுகாப்புக்குரிய முதல் வகையில் வருகின்றன. அழகுபடுத்துவதற்காக மணல்மேட்டைச் சமப்படுத்துவதையும் மாற்றியமைப்பதையும் 2011 அறிவிக்கையே தடை செய்திருந்தது. சோழமண்டலக் கரையில் தை, மாசி, பங்குனியில் பங்குனி ஆமை முட்டையிட வரும். அது ஏறி வரும் வெறுமணலில் நாமாகக் கொடியை நட்டு அடர்த்தியாக்கினால் குழி தோண்ட இடம் இருக்காது, வேர் முட்டைக்குழிக்குள்ளும் புகும். மேட்டின் முகப்பில் தானாக வளரும் கொடி வேறு, நாம் அலைவரை இழுத்துக்கொண்டு போகும் கொடி வேறு. தோட்டத்தின் கடல்பக்க விளக்கையும் அந்த மாதங்களிலும், பிறகு குஞ்சு பொரித்து வெளிவரும் வரையிலும் அணைத்துவிடுங்கள். குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கி ஊர்ந்து சாலைக்கு வந்துவிடும்.

மணல்மேட்டைக் காப்பதற்காக உள்ளாட்சிகளுக்கும் ஒரு வேண்டுகோள். கடற்கரையைச் சுத்தம் செய்கிறோம் என்று எந்திரத்தை விட்டுப் பிளாஸ்டிக்கோடு அடும்பையும் வழித்தெடுக்கும் வழக்கம் நிற்க வேண்டும். கொடிக்குள் சிக்கிய குப்பையைக் கையால்தான் பொறுக்க முடியும், அதற்கு ஆள் கூடுதலாக வேண்டும் என்பதை ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். கொடியை இழந்த மேட்டின் மணல் அடுத்த காற்றில் சாலைக்கு வரும். அதை அள்ள மறுபடி ஒரு ஒப்பந்தம் போட வேண்டியிருக்கும்.

நாற்றங்கால் வைத்திருப்பவர்களும் இதைக் கவனிக்கலாம். கடலோர ஊர்களின் நாற்றங்கால்களில் வெளிநாட்டுக் குரோட்டன்சு வரிசையாக நிற்க, அடும்பு நாற்று கேட்டால் கிடைப்பது அரிது. ஒரு நாற்றுப்பை, கொஞ்சம் மணல், கைப்பிடி விதை, ஒரு துண்டு உப்புத்தாள் தவிர இதற்கு முதலீடு கிடையாது. ஆவணியில் பையில் போட்டால் ஐப்பசியில் விற்கலாம். வாங்குபவரிடம் மறக்காமல் சொல்லி அனுப்ப வேண்டியது: நல்ல தண்ணீர் ஆறு வாரம், உரம் வேண்டாம், நிழல் வேண்டாம், சர்க்கரைவள்ளிக் கொல்லைக்குப் பக்கத்தில் வேண்டாம். தங்கள் தோட்டப் பகுதியிலும் ஆவணி பிறக்கும் முன்பே இதை ஒருமுறை வெளியிட்டால், இந்த ஆண்டு மழைக்கே பலர் நட்டுவிட முடியும்.

இப்படிக்கு,
கடலோரத் தோட்ட வேலையில் உள்ள சிலர்,
நாகப்பட்டினம் மாவட்டம்.